எரிந்தால்தான் பலனா? – முகவெளுப்புக் களிம்புகள் கடந்து வந்த பாதை



வழக்கமாக இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் பற்றி எழுதும் நான், இன்று முகக் களிம்பைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் என் வகுப்பறையிலேயே இருக்கிறது.

ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி. நன்றாகப் பேசுவாள், கதை சொல்லும் போட்டிக்கு ஆண்டுதோறும் நான் அழைத்துச் செல்லும் பிள்ளை. பள்ளி விடுமுறை முடிந்து வந்தபோது அவளுடைய இரு கன்னங்களும் சிவந்து, மூக்கின் ஓரங்களில் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. வெயிலில் நிற்கும் சபைக்கூடலின்போது முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். "கிரீம் போட்டேன் டீச்சர். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

அம்மாவையும் சந்தித்தேன். பாசார் மாலாமில் வாங்கிய சிறு டப்பா. மஞ்சள் நிறக் களிம்பு. மூடியில் ஒரு பூவின் படம் மட்டும் இருந்தது. உள்ளடக்கப் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லை. "ஒண்ணும் ஆவாது டீச்சர். பழைய தோல் உரிஞ்சி புதுத் தோல் வருது. நானே மூணு வருசமாப் போடுறேன்" என்று அவர் கூறினார். பொய் சொல்லும் முகம் அன்று அது. விற்றவர் சொன்னதை நம்பியவரின் முகம்.

"எரிந்தால்தான் வேலை செய்கிறது" என்னும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அது எங்கிருந்து வந்தது? அந்த டப்பாக்களுக்குள் பொதுவாக என்னென்ன இருக்கும்? அவை யாருடைய தோலில் முதலில் பூசிப் பார்க்கப்பட்டன? தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரைதான், பொறுத்தருள்க.

முதலில் தோலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்த செல்கள். அவற்றின் இடையே கொழுப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கற்கள், கொழுப்பு சாந்து. இந்தச் சுவர்தான் உள்ளேயுள்ள ஈரத்தை வெளியே போகவிடாமலும், வெளியேயுள்ள நச்சை உள்ளே வரவிடாமலும் காக்கிறது. சாந்து கரைந்தால் தோல் வறளும், எரியும், உரியும். சுவரின் மேல் மெல்லிய அமிலத்தன்மையும் உண்டு. 1928-ஆம் ஆண்டிலேயே சாடே, மார்க்கியோனினி என்னும் இரு செருமானிய அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 'அமிலப் போர்வை' எனப் பெயரிட்டனர். தோலின் கார அமில அளவு ஏறக்குறைய 5. சாதாரணக் கட்டிச் சோப்பு 9 முதல் 10 வரை காரமானது. எலுமிச்சைச் சாறோ 2 அளவில் கடும் அமிலம். ஆகவே, "நான் கடைக் கிரீம் எதுவும் போடுவதில்லை, எலுமிச்சைதான்" என்று பெருமைப்படுகின்ற பெற்றோரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் நண்பகல் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. இயற்கைப் பொருள் என்பதனால் தோல் அதற்குச் சலுகை காட்டுவதில்லை.

இன்னொன்று. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமி உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை உருவாக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து காக்கும் குடை அந்த மெலனின். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் நாம் அந்தக் குடையைக் காசு கொடுத்துக் கிழித்துக்கொள்கிறோம்!

முகத்தை வெளுப்பாக்கும் ஆசை நம் இனத்துக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியச் சீமாட்டிகள் பல நூற்றாண்டுகளாக வெள்ளை ஈயத்தைக் குழைத்து முகத்தில் பூசினர். அயர்லாந்தில் வளர்ந்து இலண்டனில் அழகி என்று புகழ்பெற்ற மரியா கன்னிங் 1760-இல் இளம் வயதிலேயே இறந்தார். அவர் பூசிய ஈயமே காரணம் என்று அக்காலத்திலேயே பேசப்பட்டது. சப்பானில் கபுக்கி நடிகர்களும் ஈய வெண்பூச்சையே பயன்படுத்தினர். 1887-இல் பேரரசர் மெய்ஜியின் முன்னிலையில் நடித்துக் கொண்டிருந்த நகமுரா ஃபுகுசுகே என்னும் நடிகரின் கால் நிற்காமல் நடுங்கியது. ஈய நச்சு என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் ஈயப் பூச்சு அந்நாட்டில் முற்றாக மறைய 1930-கள் வரை ஆயிற்று. தீங்கு தெரிந்த நாளுக்கும் அது கடையை விட்டு நீங்கும் நாளுக்கும் இடையே எப்போதும் அரை நூற்றாண்டு இருக்கும் போலும்.

ஈயம் மேலே பூசும் வண்ணம்; கழுவினால் போய்விடும். பாதரசம் அப்படிப்பட்டதன்று. அது தோலுக்குள் புகுந்து, மெலனின் உருவாவதற்குத் தேவையான டைரோசினேசு என்னும் நொதியைத் தடுக்கிறது. உண்மையாகவே நிறம் குறையும். இதுதான் ஆபத்து! பலன் கண்ணுக்குத் தெரிவதால் மக்கள் நம்பிவிடுகின்றனர். பாதரச உப்புகள் கலந்த 'புள்ளி நீக்கும்' நீர்மங்களும் களிம்புகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாராளமாக விற்கப்பட்டன. தோலில் தடிப்பு, சிவப்பு, நாளடைவில் சாம்பல் நிறம் பாய்தல் ஆகியவை வெளியே தெரியும் அடையாளங்கள். உள்ளே சிறுநீரகமும் நரம்பும் கெடும்.

குழந்தைகள் பாதரசத்தால் பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கைக்குழந்தைகளுக்கு ஒரு விந்தை நோய் கண்டது. உள்ளங்கையும் உள்ளங்காலும் இளஞ்சிவப்பாகித் தோல் உரியும், குழந்தை ஓயாமல் அழும், வெளிச்சம் ஆகாது, உணவு செல்லாது. 'இளஞ்சிவப்பு நோய்' என்றே பெயரிட்டனர். காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் கழிந்தன. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குழந்தை மருத்துவர் ஜோசப் வார்க்கானி, நோயுற்ற பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டறிந்தார். பல் முளைக்கும் பருவத்தில் வலி தெரியாதிருக்கத் தாய்மார் அன்போடு ஈறில் தடவிய பொடியில் பாதரச உப்பு இருந்தது! 1954-இல் பிரிட்டனில் தயாரிப்பாளர்கள் அப்பொடியிலிருந்து பாதரசத்தை நீக்கினர். சில ஆண்டுகளில் நோயும் மறைந்தது. அந்தத் தாய்மாரில் எவரும் தம் பிள்ளைக்குத் தீங்கு செய்ய நினைத்தவர் அல்லர். கடையில் விற்றது; வாங்கினார்கள்.

களிம்புக்கு வருவோம். 1972-இல் கென்யாவின் நைரோபி நகர மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கி வந்த நோயாளிகள் பலர், பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பைப் பூசி வந்தவர்கள் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கதை நமக்கு மிக அருகில் நடந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை கண்ட ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 15 பேரில் 13 பேர் முகவெளுப்புக் களிம்பு பயன்படுத்தியவர்கள்.

பாதரசத்துக்கு அடுத்து வந்தது ஹைட்ரோகுவினோன். நிழற்படச் சுருளைக் கழுவும் இருட்டறையில் பயன்பட்ட வேதிப்பொருள் இது. முகத்துக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை.

அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கைகளில், முன்கை வரை, திட்டுத் திட்டாக நிறம் போயிற்று. 1939-இல் ஆலிவர், சுவார்ட்சு, வாரன் ஆகிய மூன்று மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து எழுதினர். அவர்கள் அணிந்த இரப்பர்க் கையுறையில்தான் காரணம் இருந்தது. இரப்பர் நாள்பட்டு வெடிக்காமலிருக்க அதில் கலக்கப்பட்ட ஒரு பொருள், ஹைட்ரோகுவினோனின் நெருங்கிய உறவு. அது வியர்வையில் கசிந்து தோலின் நிறமிச் செல்களைக் கொன்றிருந்தது. அந்தத் தொழிலாளர்கள் வெளுக்க விரும்பியவர்கள் அல்லர். கூலிக்குக் கையுறை மாட்டியவர்கள்.

இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ ஒன்று தைத்தது. அக்காலத்தில் உலகச் சந்தைக்கு மிகுதியாக இரப்பர் அனுப்பிய நாடு மலாயா. அதைச் சீவியவர்களில் பெரும்பகுதியினர் நம் பாட்டன் பாட்டிமார். அந்தக் கையுறையின் பால் எந்தத் தோட்டத்து மரத்தில் வடிந்ததோ, யார் அறிவார்!

தொழிலாளர்களுக்கு நேர்ந்த கேட்டைச் சிலர் வாய்ப்பாகக் கண்டனர். நிறத்தைப் போக்கும் பொருள் என்றால் அதைக் களிம்பாக்கலாமே! 1960-களில் ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்புக் களிம்புகள் பரவின. அவை மிகுதியாக விற்ற நாடு தென்னாப்பிரிக்கா. 1950-ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்து அட்டையில் எழுதிய நாடு அது. எந்தப் பேருந்தில் ஏறலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அந்த அட்டையே தீர்மானித்தது. அங்கே வெளுப்புக் களிம்பை வெறும் ஒப்பனைப் பொருள் என்று சொல்லிவிட முடியுமா?

விளைவு கொடிதாயிற்று. ஹைட்ரோகுவினோன் முதலில் எரிச்சலும் சிவப்பும் வறட்சியும் தரும். சில மாதங்களில் நிறம் குறையும். ஆனால் ஆண்டுக்கணக்கில் பூசி வெயிலில் திரிந்தவர்களின் கன்னமேட்டிலும் நெற்றியிலும் நீலங்கலந்த கருமை படர்ந்து, தோல் சொரசொரப்பாகித் தடித்தது. வெளுக்கப் பூசியவர் முன்னிலும் கறுத்தார். அதை மறைக்க மேலும் பூசினார், மேலும் கறுத்தார். 1975-இல் பிரிட்டோரியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஃபின்ட்லேயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்குக் களிம்பே காரணம் என்று எழுதினர். 'ஒக்ரோனோசிஸ்' என்பது மருத்துவப் பெயர். ஒருமுறை வந்துவிட்டால் முற்றாகக் குணப்படுத்துவது மிகக் கடினம்.

அரசு 1980-களில் ஹைட்ரோகுவினோனின் அளவைக் குறைத்துப் பார்த்தது. பயனில்லை. மருத்துவர்களும், கறுப்பு நிறத்தின் தன்மானத்தைப் பேசிய இயக்கத்தாரும் ஒரே பக்கம் நின்று போராடினர். 1990-இல் தென்னாப்பிரிக்கா இத்தகைய பொருள் கலந்த ஒப்பனைக் களிம்புகளைத் தடை செய்தது. 'வெளுப்பாக்கும்' என்று விளம்பரம் செய்வதையுமே தடுத்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. இனவொதுக்கலின் நாட்டிலிருந்து அந்தச் சட்டம் பிறந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியம் அழகுக் களிம்புகளில் ஹைட்ரோகுவினோனைத் தடுக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின.

இனி மூன்றாவது பொருள். 'எரிந்தால்தான் பலன்' என்ற நம்பிக்கைக்கு மூலவேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

டிரெட்டினோயின் என்பது உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து வரும் ஓர் அமிலம். முகப்பருவுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1969-இல் எழுதியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். 1971-இல் அமெரிக்க அரசு இதை மருந்தாக ஏற்றது. தோலின் மேற்செல்கள் பிறந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். டிரெட்டினோயின் அந்தச் சுழற்சியை விரைவுபடுத்துகிறது. அதனால் முதல் சில வாரங்கள் தோல் சிவக்கும், வறளும், உரியும், வெயில் தாங்காது. கருவுற்ற பெண்கள் பூசக்கூடாது. இத்தனைக்கும் இது நல்ல மருந்து. தோல் மருத்துவர்கள் இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். நான் மருந்தைக் குறைகூறவில்லை.

ஆனால் கிளிக்மன் தம் ஆய்வுகளை எங்கே நடத்தினார் என்பதை அறியும்போது மனம் கனக்கிறது. பிலடெல்பியா நகரில் ஹோம்ஸ்பர்க் என்றொரு சிறை. கால்விரல் சேற்றுப்புண் பரவியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று 1951-இல் அவரை அழைத்தார்கள். வந்தவர் கண்ணுக்கு ஆய்வுக்கேற்ற தோல்கள் தெரிந்தன. 1974 வரை அங்கே நூற்றுக்கணக்கான சிறைவாசிகளின் முதுகிலும் கையிலும் களிம்பு, வாசனைப்பொருள், சவர்க்காரம் தொடங்கிப் படைத்துறைக்கும் நிறுவனங்களுக்கும் வேண்டிய வேதிப்பொருள்கள் வரை ஒட்டியும் பூசியும் பார்த்தார்கள். அவர்களில் மிகப்பலர் கறுப்பினத்தார். தண்டனை பெறாமல், பிணைப்பணம் கட்ட வழியின்றி வழக்குக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தனர். சில டாலர்களுக்காகக் கையெழுத்திட்டார்கள். என்ன பூசப்படுகிறது என்று பலருக்குச் சொல்லப்படவில்லை. முதுகில் கட்டம் கட்டமாகத் தழும்புடன் வெளியே வந்தார்கள். டிரெட்டினோயின் ஆய்விலும் அச்சிறைவாசிகளின் தோல் பயன்பட்டது. 1998-இல் ஆலன் ஹார்ன்பிளம் என்பவர் எழுதிய நூலால்தான் இது பரவலாக வெளியே தெரிந்தது. பிலடெல்பியா நகரம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2022-இல். அதற்குள் அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

அதே கிளிக்மன், வில்லிஸ் என்னும் இன்னொருவருடன் சேர்ந்து 1975-இல் ஒரு கலவையை வெளியிட்டார். ஹைட்ரோகுவினோன் 5 விழுக்காடு, டிரெட்டினோயின் 0.1 விழுக்காடு, டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு 0.1 விழுக்காடு. ஒன்று நிறமியைத் தடுக்கும். மற்றொன்று அது தோலில் ஊடுருவ வழிவிடும். மூன்றாவது, முன்னிரண்டும் தரும் எரிச்சலை அடக்கும். முகத்தில் வரும் மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் தரப்பட வேண்டிய கலவை அது. தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோனின் கேட்டை எழுதியதும் இந்தக் கலவை வெளியானதும் ஒரே ஆண்டில் என்பதையும் கவனியுங்கள்.

நம் பக்கத்துச் சந்தைகளில் விற்கும் பெயரில்லா டப்பாக்களை மலேசியாவின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் சோதித்து வெளியிடும் எச்சரிக்கைகளை வாசித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, பாதரசம் ஆகிய நான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கிளிக்மனின் கலவை மருத்துவரை விட்டுப் பிரிந்து, அளவும் எச்சரிக்கையும் இழந்து, இரவுச் சந்தையின் மேசைக்கு வந்திருக்கிறது.

ஸ்டீராய்டு உள்ள களிம்பின் சூழ்ச்சியைத் தனியே சொல்ல வேண்டும். பூசிய சில நாளில் முகம் பளபளக்கும், பரு அடங்கும். பூசப் பூசத் தோல் மெலியும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும். நிறுத்தினாலோ முகம் தீயாய் எரிந்து சிவக்கும். "பாருங்கள், கிரீமை விட்டதும் முகம் கெட்டுவிட்டது" என்று வாங்கியவர் எண்ணி மறுபடி அதே கடைக்குப் போவார். விற்பவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா? நெடுநாள் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல், டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போவதே நல்லது.

எரிச்சலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நேரடியாகவே ஓர் ஆய்வு இருக்கிறது. 1995-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிபித்ஸ் முதலானோர், வெயிலால் மூத்துப்போன முகத்தோல் உடையவர்களுக்கு 48 வாரம் டிரெட்டினோயின் கொடுத்தனர். ஒரு பிரிவினருக்கு 0.1 விழுக்காடு, இன்னொரு பிரிவினருக்கு 0.025 விழுக்காடு, அதாவது நான்கில் ஒரு பங்கு. இறுதியில் இரு பிரிவினரின் முகத்திலும் முன்னேற்றம் ஒரே அளவு. எரிச்சலும் உரிதலும் மட்டும் முதற்பிரிவினருக்கு மிக அதிகம். நம் பாசார் மாலாம் வணிகரிடம் யார் போய் இதைச் சொல்வது?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆசியான் நாடுகள் 2003-இல் ஒப்பனைப் பொருள்களுக்கான பொது விதிகளில் கையெழுத்திட்டன; 2008 சனவரி முதல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவ்விதி நடப்பில் உள்ளது. மலேசியாவில் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளும் அறிவிக்கை எண் பெற வேண்டும்; அந்த எண் 'நோட்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்க: அறிவிக்கை எண் என்பது தயாரிப்பாளர் தாமே தெரிவித்ததற்குச் சான்று, அரசு அந்த டப்பாவைத் திறந்து சோதித்ததற்குச் சான்று ஆகாது. எண் பெற்ற பிறகு நச்சுப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டவை எத்தனையோ. உலக அளவில் பாதரசத்துக்கெதிரான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடப்புக்கு வந்தது. பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிக்க வேண்டுமென்று 2023-இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. இவை யாவும் தாளில் உள்ளன. டப்பாவோ அலமாரியில் இருக்கிறது.

இதுவரை பிறரைப் பற்றியே எழுதிவிட்டேன். என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

அந்த மாணவி ஏன் களிம்பு பூசத் தொடங்கினாள் என்று மறுநாள் தனியே கேட்டேன். முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னாள். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் தமிழன்னை வேடத்துக்கு அவளும் பெயர் கொடுத்திருந்தாள். வசனம் முழுவதும் மனப்பாடம். ஆனால் வேடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. தேர்வின்போது உடனிருந்த ஒருவர், "மேடை விளக்குக்குக் கொஞ்சம் வெளிச்சமான முகமா இருந்தா நல்லாயிருக்கும்" என்றார். நான் அப்போது ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேசவில்லை. அந்த அறையின் வாசலில் இவள் நின்றிருக்கிறாள்.

தமிழன்னைக்கு என்ன நிறம் என்று எந்தப் பாடநூலிலும் எழுதியிருக்கவில்லை. இருந்தும் நாம் ஆண்டுதோறும் ஒரு நிறத்தைத் தேடுகிறோம். கோலாட்டத்துக்கு முன்வரிசை, வரவேற்புக்குப் பன்னீர் தெளிக்கும் பிள்ளை, பள்ளி மலரின் அட்டைப்படம் என்று எண்ணிப் பாருங்கள் ஆசிரியர்களே. "வெயில்ல ஆடாதே, கறுத்துப்போவே" என்று புறப்பாட நேரத்தில் நாமே எத்தனை முறை கூறியிருப்போம்? பாசார் மாலாம் வணிகருக்கு நாம் விளம்பரக் கூலி வாங்காமல் வேலை செய்திருக்கிறோம்.

அந்த அம்மாவிடம் மறுபடியும் பேசினேன். இம்முறை அறிவுரை கூறாமல், மேற்சொன்ன செய்திகளில் பாதியைக் கதையாகவே சொன்னேன். பல் பொடி பூசிய தாய்மாரின் கதையைக் கேட்டபோது அவர் முகம் மாறியது. அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரவில் களிம்பு பூசிய கன்னத்தோடு அணைத்துப் படுக்க வைக்கும் குழந்தை.

கடந்த வாரம் தாயும் மகளும் டப்பாவோடு மருத்துவரிடம் போனார்கள். மகளுக்கு வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பும், வெயிலுக்குத் தொப்பியும் போதுமென்றார் மருத்துவர். சிவப்பு அடங்கச் சில வாரம் ஆகுமாம். அவள் இப்போது கதை சொல்லும் போட்டிக்கு ஒத்திகை பார்க்கிறாள். சபைக்கூடலில் நிழல் உள்ள இடத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.

தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சிறுநீர்ச் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை.